கடல் சுதந்திரமானது என்று யார் சொன்னது?

படகு விடுமுறையைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் 'சுதந்திரம்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. படகு விற்கிறவர் எழுதினால் அது விளம்பரம், புரிந்துகொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் போடுகிறவர் எழுதினால் அது கேப்ஷன், மன்னித்துவிடலாம். நம் ஆட்கள், அதாவது கவிதை படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும், அதையேதான் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். எல்லையற்ற கடல். தளையற்ற அலை. நினைத்த இடத்துக்குப் போகலாம், நினைத்தபோது நிறுத்தலாம். மெரினாவில் சுண்டல் தின்றபடி பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. கரையிலிருந்து பார்த்தால் கடலில் ரோடு இல்லை, சிக்னல் இல்லை, டோல்கேட் இல்லை. ஒரு வாரம் அதன்மேல் இருந்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பதுதான் என் கட்சி.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் பக்கம் வேலை. நண்பர் ஒருவரிடம் 34 அடி நீளமுள்ள பழைய டீசல் படகு இருக்கிறது. சொகுசுப் படகு என்று கற்பனை செய்யாதீர்கள். இரண்டு பர்னர் அடுப்பு, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கழிப்பறை, நாலு பேர் படுக்க மூன்று பேருக்கான இடம். செலவைப் பங்கு போட்டுக்கொண்டு கோடையில் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வடக்கே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரமாகப் போகிறோம். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கிற கடல் அது. தீவுகள், மலைகளுக்குள் நீண்டு போகும் கடல்கைகள், நடுநடுவே குறுகிய வாசல்கள். உலகத்தில் மோட்டார் படகில் கரையோரப் பயணம் போகிறவர்கள் கனவு காணும் இடங்களில் ஒன்று. அங்கே நான் பார்த்த முதல் விஷயம், யாரும் நினைத்த நேரத்துக்கு எங்கேயும் போவதில்லை.

காரணம் சந்திரன். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். நமக்கு அது ஒரு செய்தியே இல்லை. இங்கே ஒரே நாளில் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். வான்கூவர் தீவு 450 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பசிபிக்கின் ஏற்றம் அதன் வடக்கு முனை வழியாகவும் தெற்கு முனை வழியாகவும் உள்ளே புகுந்து, ஒவ்வொரு குறுகலிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். நனைமோ ஊருக்குப் பக்கத்தில் டாட் நாரோஸ் என்று ஒரு சந்து. நூறு மீட்டர் அகலம்கூட இல்லை. அதில் நீரோட்டம் 8, 9 நாட் வரை போகும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். எங்கள் படகு முக்கி முனகினால் 8 நாட். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும், படகு பின்னால் போகும்.

அதனால் காத்திருக்க வேண்டும். ஒரு திசை ஓட்டம் முடிந்து மறுதிசை ஓட்டம் தொடங்குவதற்கு நடுவில் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அதற்கு ஸ்லாக் என்று பெயர். பேருந்து வரும் நேரம் மாதிரி அது அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. அந்த நேரத்துக்கு வாசலுக்கு வெளியே போய்ப் பார்த்தால் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். பல லட்சம் டாலர் படகு, மூங்கில் குச்சியில் கொடி கட்டிய அலுமினியப் படகு, மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி இழுத்துவரும் டக். ரேடியோவில் ஒவ்வொருவராக "இன்னார் வடக்கிலிருந்து உள்ளே வருகிறோம்" என்று அறிவித்துவிட்டு வரிசையாகப் போவார்கள். கிண்டி ரயில்வே கேட் ஞாபகம் வந்தது எனக்கு.

இன்னும் வடக்கே செய்மோர் நாரோஸ். அங்கே 15 நாட் வரை ஓடும். 1792ல் அந்த வழியாகப் போன கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் அதை உலகத்தின் மிக மோசமான நீர்வழிகளில் ஒன்றாக எண்ணியது சும்மா இல்லை. அதன் நடுவில் தண்ணீருக்கடியில் ரிப்பிள் ராக் என்று இரட்டைச் சிகரப் பாறை ஒன்று இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. கடைசியில் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்தை அடைத்து, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் தலையைச் சீவினார்கள். அணுகுண்டு அல்லாத, திட்டமிட்டு நடத்திய வெடிப்புகளில் அது அன்றைக்கு உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. பாறை போய்விட்டது. ஓட்டம் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் ஸ்லாக் பார்த்துத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் கேட்பார்கள்: "இதுக்கு எதுக்குடா லீவு? ஆபீஸ்லயே இருக்கலாமே?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் கேள்வியிலும் அதே பொய் ஒளிந்திருக்கிறது. விடுமுறை என்றால் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் இருப்பது என்ற பொய். அலுவலகத்தில் நான் கீழ்ப்படிவது ஒரு மேனேஜரின் மூடுக்கு. இங்கே கீழ்ப்படிவது சந்திரனுக்கு. அது யாருக்கும் சலுகை காட்டாது, யாரையும் அவமானப்படுத்தாது, மீட்டிங்கைக் கடைசி நிமிஷத்தில் மாற்றாது. இந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரிய மூன்று நாள் பிடிக்கும். நாலாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அலாரம் இல்லாமல் எழுந்து அட்டவணையைப் பார்ப்பீர்கள். அப்போது உள்ளே ஏதோ ஒன்று அடங்கியிருக்கும். அந்தச் சுகத்துக்கு நான் வேறு பெயர் எது வேண்டுமானாலும் தருவேன், சுதந்திரம் என்ற பெயரைத் தவிர.

திட்டமிடல் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். சமையல் மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, டிவைடரால் தூரம் அளந்து, சண்டை போட்டு. இது விடுமுறைக்கு முந்தைய வேலை என்று நினைப்பவர்கள் பாதி இன்பத்தை இழக்கிறார்கள். ஒரு வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒரு மொழியைப் படிக்கக் கற்பது மாதிரிதான். இரண்டு நாட்டு வரைபடங்களிலும் 'பூஜ்யம்' ஒன்றல்ல என்று உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க வரைபடம், தினசரி இரண்டு வற்றங்களில் தாழ்ந்ததன் சராசரியைப் பூஜ்யமாக வைத்து ஆழத்தைச் சொல்லும். கனடா வரைபடம், பெரிய ஏற்றவற்ற நாட்களின் மிகத் தாழ்ந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கும். ஒன்றில் அடியும் ஃபாதமும், இன்னொன்றில் மீட்டர். ஒரே கடல், எல்லைக்கோட்டைத் தாண்டினால் அதன் ஆழத்துக்கே வேறு எண். இதைக் கவனிக்காத ஆளைப் பாறை கவனித்துக்கொள்ளும்.

அடுத்தது வேகம். இங்கே எனக்குக் கோபம் வரும் இடம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு இயல்பான உச்ச வேகம் ஒன்று உண்டு. தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது. 32 அடி என்றால் ஏறக்குறைய ஏழரை நாட். அதற்குமேல் வேகம் வேண்டுமானால் படகு தன் அலைமீதே ஏறித் தண்ணீருக்கு மேலே சறுக்க வேண்டும். அதற்கு வேறு வடிவம், வேறு எஞ்சின், வேறு வங்கிக்கணக்கு. எங்கள் படகு 7 நாட்டில் மணிக்கு எட்டு லிட்டர் போலக் குடிக்கும். அதே அளவுள்ள வேகப் படகு 20 நாட்டில் எழுபது லிட்டருக்கு மேல் குடிக்கும். மூன்று மடங்கு வேகம், ஒன்பது மடங்கு டீசல். அப்படிப் பறந்து போகிறவர்களும் அதே டாட் நாரோஸ் வாசலில்தான் நிற்கிறார்கள், எங்களுக்கு முன்னாலேயே வந்து. அவர்கள் கிளப்பிய அலையில் நங்கூரம் போட்ட சின்னப் படகுகளின் குழம்புச் சட்டி கவிழும். பாய்மரக்காரர்கள் மோட்டார் படகுக்காரர்களைக் கேவலமாகப் பார்ப்பது இதனால்தான். ஆனால் கோடையில் இந்த உள்கடலில் காற்று அடிக்கடி செத்துவிடும். அப்போது அவர்களும் டீசலை முடுக்கிக்கொண்டுதான் போகிறார்கள் என்பதை மரியாதையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மெதுவாகப் போவதற்கு இன்னொரு காரணம், மிதக்கும் மரங்கள். மரவெட்டுத் தொழில் நடக்கும் கரை இது. தெப்பத்திலிருந்து நழுவிய கட்டைகள் மிதந்துகொண்டிருக்கும். சில நட்டக்குத்தாக, தலை மட்டும் தெரிய. இருட்டில் ஓட்டவே கூடாது. ஆகவே மாலை நாலு மணிக்குள் ஒரு குடாவில் நங்கூரம் போட்டுவிட வேண்டும்.

நங்கூரம் போடுவதும் கணக்குதான். இப்போது ஆழம் 6 மீட்டர். ராத்திரி ஏற்றத்தில் இன்னும் 3 மீட்டர் ஏறும். படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் ஒன்றரை மீட்டர். மொத்தம் பத்தரை. அதற்கு நாலு மடங்கு சங்கிலி விட்டால் 42 மீட்டர். சரி, விட்டாச்சு. வற்றத்தில் அடியில் எவ்வளவு மிஞ்சும்? காற்று மாறினால் 42 மீட்டர் கயிற்றில் கட்டிய மாடு மாதிரி படகு சுற்றுமே, பக்கத்துப் படகு எங்கே இருக்கும்? நெரிசலான குடாவில் எல்லோரும் சுற்ற இடமில்லாமல், ரப்பர் டிங்கியில் கரைக்குப் போய்ப் படகின் பின்பக்கத்தை மரத்திலோ பாறையிலோ கட்டிவிட்டு வருவார்கள். இவ்வளவையும் முடித்து எஞ்சினை நிறுத்துகிறீர்கள் பாருங்கள், அந்த நிமிஷம். நாள் முழுக்கக் காதில் உறுமியது நின்று, சங்கிலி ஒருமுறை கறகறத்து, அதன் பிறகு எதுவும் இல்லை. குக்கரில் சாதமும் பருப்பும் ஒன்றாக ஏறும் (எரிவாயுவை மிச்சம் பிடிக்கக் குக்கரை மிஞ்ச எதுவும் இல்லை, வெள்ளைக்காரப் படகுகள் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை). நீர்நாய் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கணக்கு சரியாக இருந்தால் தூக்கம் வரும். கணக்குப் போடாதவருக்கு வராது.

வடக்கே ஜான்ஸ்டன் நீரிணையில் கோடை மதியங்களில் வடமேற்குக் காற்று எழும். தண்ணீர் மேற்கே வற்றிக்கொண்டு ஓடும் நேரத்தில் அந்தக் காற்று எதிரே வந்து மோதினால் அலை செங்குத்தாக, பற்களைப்போல் எழும். விடியற்காலையில் போய்விட வேண்டும், இல்லையென்றால் போகக் கூடாது. திட்டத்தில் 'சும்மா இருக்கும் நாள்' மூன்றாவது வேண்டும் என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான். திங்கட்கிழமை மீட்டிங் இருக்கிறது என்று காற்றுக்குள் படகை விடுகிறவர்தான் இந்தக் கரையில் ஆபத்தில் மாட்டுகிற ஆள். விடுமுறையை நாளால் அளந்து டிக்கெட் போடும் பழக்கம் நம் ஐ.டி. ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஏழு நாளில் எட்டு இடம். அதைக் கடலில் செய்தால் செத்துப்போவோம், மிகையாகச் சொல்லவில்லை.

இத்தனை கீழ்ப்படிதலுக்கும் என்ன கிடைக்கிறது? பிரின்சஸ் லூயிசா என்ற கடல்கை கிடைக்கிறது. ஜெர்விஸ் என்ற பெரிய கடல்கைக்குள் போய், மலிபு என்னும் குறுகிய வாசலில் ஸ்லாக்குக்காகக் காத்திருந்து உள்ளே நுழைந்தால், எட்டு கிலோமீட்டருக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், இருபுறமும் செங்குத்தான கருங்கல் சுவர், கோடையிலும் உச்சியில் பனி, கடைசியில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. அருவியடி நிலத்தை மக்டொனால்ட் என்ற ஒருவர் 1927ல் வாங்கினார். விடுதி கட்டி விற்கக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல், 1953ல் படகில் வருகிற எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார். 1965ல் அது மாகாணக் கடல் பூங்காவானது. இன்றைக்கு அங்கே நீங்கள் படகைக் கட்டலாம் என்றால், அந்த மனிதர் தன் சொத்தைத் தனதாக வைத்துக்கொள்ளவில்லை என்பதால்தான்.

இந்தக் கரைக்கு ஒரு வேதப்புத்தகம் உண்டு. எம். வைலி பிளான்செட் என்ற பெண் எழுதிய 'தி கர்வ் ஆஃப் டைம்', 1961ல் வெளியானது. 1926ல் கணவரை இழந்தவர். ஐந்து குழந்தைகளையும் ஒரு நாயையும் 25 அடிப் படகில் ஏற்றிக்கொண்டு கோடைதோறும் இந்தத் தண்ணீரில் சுற்றினார். வீட்டைக் கோடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு. எஞ்சினைத் தானே பிரித்து மாட்டினார். படியுங்கள், அருமையான புத்தகம். ஆனால் எச்சரிக்கையோடு படியுங்கள். பூர்வகுடி மக்களின் குளிர்கால ஊர்களுக்குள், அவர்கள் கோடை வேலைக்கு வெளியே போயிருக்கும் நேரத்தில், இந்தக் குடும்பம் நுழைந்து சுற்றிப் பார்க்கும் பக்கங்கள் உண்டு. ஆளில்லாத வீடு, திறந்த ஊர். ஊர்க்காரர்கள் திரும்பி வந்து எழுதிய பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

'ஆளில்லாத கடற்கரை' என்பது சுதந்திரத்தின் இன்னொரு விளம்பரப் படம். 1792ல் வான்கூவர் ஒரு நீர்ப்பரப்புக்கு டெசொலேஷன் சவுண்ட், அதாவது பாழ்வெளி என்று பெயர் வைத்தார். இன்றைக்கு ஆகஸ்டில் அங்கே நங்கூரம் போட இடம் கிடைக்காது. வடக்கு ஏற்றமும் தெற்கு ஏற்றமும் சந்தித்து ஓய்கிற பகுதி என்பதால் தண்ணீர் தேங்கிச் சூடாகி, குளிக்க இதமாக இருக்கும். வான்கூவருக்குப் பாழாகத் தெரிந்தது அங்கே வாழ்ந்த சாலிஷ் மக்களுக்கு வீடு. அந்தக் கரைகளில் பெரிய வற்றத்தன்று மட்டும் வெளியே தெரியும் நீண்ட கல்வரிசைகள் உண்டு. 1995ல் ஜான் ஹார்ப்பர் என்ற கடலோர நிலவியலாளர் வடக்கே ப்ராட்டன் தீவுக்கூட்டத்தின்மேல் பறக்கும்போது அவற்றைக் கவனித்து, இது இயற்கையாக வந்ததல்லவே என்று குழம்பினார். பூர்வகுடிகளைக் கேட்டபோது தெரிந்தது, அவை மட்டி வளர்க்கக் கட்டிய கல் அணைகள், கடல் தோட்டங்கள். குவாட்ரா தீவில் ஆராய்ந்தவற்றில் சில 3,500 ஆண்டுப் பழமை கொண்டவை. நாம் நங்கூரம் போட்டு 'மனிதக் கால் படாத குடா' என்று படம் போடுகிறோமே, அது யாரோ நூற்றைம்பது தலைமுறை விவசாயம் பார்த்த வயல்.

பிறகு ஏன் ஆளில்லை? 1862ல் விக்டோரியா நகரத்துக்குக் கப்பலில் பெரியம்மை வந்தது. ஊரைச் சுற்றித் தங்கியிருந்த பூர்வகுடிகளை நோயோடு அவரவர் படகில் ஏற்றி வடக்கே விரட்டினார்கள். அவர்கள் துடுப்புப் போட்ட அதே வழியில், ஊர் ஊராக, நோயும் போனது. கரையோர மக்களில் பாதிக்கு மேல் செத்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த அமைதிதான் இன்றைக்கு நமக்கு ரிலாக்ஸாக இருக்கிறது.

இனி காகிதம். எல்லையைத் தாண்டும் உல்லாசப் படகுக்கு நடைமுறை எளிது: குறிப்பிட்ட இடத்தில் கட்ட வேண்டும், கேப்டன் மட்டும் இறங்கி ஃபோன் செய்ய வேண்டும், பெயர், பாஸ்போர்ட் எண், எத்தனை பாட்டில் மது. நம்பர் ஒன்று தருவார்கள், ஜன்னலில் ஒட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. அதில் மூன்று நிமிஷம் என் பெயரின் எழுத்துக்கூட்டல்.

இதே தண்ணீருக்கு 1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு வந்தது. 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடிகள். இந்தியாவிலிருந்து எங்கும் நிற்காமல் ஒரே பயணமாக வர வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, இரண்டு மாதம் வான்கூவர் துறைமுகத்தில் நடுத்தண்ணீரில் நிறுத்திவைத்தார்கள். இருபது சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களைக் கடற்படைக் கப்பலின் துணையோடு திருப்பியனுப்பினார்கள். கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியபோது போலீஸ் சுட்டது. அது நின்றிருந்த இடத்துக்கு எதிரே, கோல் ஹார்பரில், இன்றைக்கு வரிசையாக உல்லாசப் படகுகள் கட்டியிருக்கின்றன, நினைவுச்சின்னமும் இருக்கிறது.

2010 ஆகஸ்ட் 13 அன்று சன் சீ வந்தது. 492 ஈழத்தமிழர்கள், அவர்களில் 49 குழந்தைகள். தாய்லாந்துப் பக்கமிருந்து ஏறக்குறைய மூன்று மாதம். வழியிலேயே ஒருவர் இறந்துபோயிருந்தார். விக்டோரியாவுக்குப் பக்கத்தில் எஸ்குவைமால்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் பாருங்கள், உல்லாசப் படகுகளின் உச்ச மாதம். சில கிலோமீட்டர் தள்ளி விக்டோரியா துறைமுகத்தில் ஐஸ்கிரீம் வரிசை நின்றிருக்கும். கப்பலில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அமைச்சர்கள் பேசினார்கள். பலர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

வான்கூவரில் எனக்கு ஓர் ஈழத்து நண்பர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போன வருஷம் "நாலு நாள் வாங்கண்ணா" என்று கூப்பிட்டேன். "தம்பி, நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்குக் கடல் எண்டால் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போறதுக்கு. சும்மா போறதுக்கு இல்ல" என்றார். சுதந்திரக் கவிஞர்கள் இந்த வாக்கியத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் யோசிக்கலாம்.

இதற்காகப் படகை விற்றுவிட்டுக் கோவிலுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. 'இத்தனை பேர் செத்த கடலில் உல்லாசமா?' என்று முகநூலில் கண்ணீர் விடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விமானத்தில் போகும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. போங்கள். காசைப் பங்கு போடுங்கள், பழைய படகு போதும், வாடகைக்கும் கிடைக்கும். ஓட்டுநர் அட்டைக்குப் படியுங்கள். டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒன்று திரும்ப, ஒன்று தொடாமல் வைக்க. வற்றத்தில் கல்வரிசை தெரிந்தால் அதன்மேல் டிங்கியை ஏற்றாதீர்கள். ஊருக்குள் போவதானால் யாருடைய ஊர் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அலர்ட் பே போன்ற இடங்களில், அரசு பறித்துக்கொண்டு போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த முகமூடிகளை அவர்களே காட்டுகிறார்கள். சந்தோஷமாக இருங்கள். கேப்ஷனில் மட்டும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். அது உங்கள் எஞ்சினால் கிடைத்ததல்ல, பாஸ்போர்ட்டால் கிடைத்தது.

இந்த ஆகஸ்டில் மறுபடி பிரின்சஸ் லூயிசா. அண்ணனை இந்த முறையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்த மலிபு வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று மட்டும் கேட்டார். அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன்.